காரணமின்றி அலறும் கார்ச் சங்கு



தமிழ்நாட்டுப் பட்டினங்களில் வளர்ந்தவர்களுக்குச் 'சங்கு' என்றவுடன் கடலில் விளையும் சங்கு மட்டுமே நினைவிற்கு வருவதில்லை. மதுரையிலும் கோயம்புத்தூரிலும் பஞ்சாலைகள் தொழிலாளரை அழைக்க ஊதிய சங்கும், நகராட்சிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து குறித்த வேளைகளில் ஊதிய சங்கும் நினைவிற்கு வருகின்றன. அந்த ஒலியைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டவர்களும், அடுப்பில் உலையை ஏற்றியவர்களும், பிள்ளைகளைப் பள்ளிக்கு விரட்டியவர்களும் உண்டு. சைரன் என்று மேனாட்டார் வழங்கும் அக்கருவிக்கு நம் மக்கள் தாமாகவே இட்ட பெயர் சங்கு. அதன் சொல்லுக்கு ஊரில் மதிப்பு இருந்தது. ஊதவேண்டிய வேளையில் அது ஊதிற்று. மற்ற வேளையில் வாய்மூடி இருந்தது.

அதே குலத்தில் பிறந்த சிறிய சங்கு ஒன்று இன்று பல மோட்டார் வண்டிகளின் பானெட்டுக்குள் குடியிருக்கிறது. கள்வன் கதவைத் திறந்தால் கூக்குரல் எழுப்புவது அதற்கு இட்ட பணி. ஆனால் நள்ளிரவில் அது கூக்குரல் எழுப்பும்போது, கள்வன் வந்துவிட்டான் என்று எண்ணி நம்மில் எத்தனை பேர் படுக்கையை விட்டு எழுகிறோம்? 'யாருடைய வண்டியோ மறுபடியும் தொடங்கிவிட்டது' என்று முணுமுணுத்துவிட்டுத் தலையணையைக் காதின்மேல் வைத்துக்கொள்வதே வழக்கமாகிவிட்டது. பன்முறை பொய்யாகக் கூவிய காவற்காரன் ஒருநாள் மெய்யாகவே கூவினாலும் எவரும் வருவதில்லை. ஆகவே, பழுதுற்ற சங்கு உறக்கத்தைக் கெடுப்பதோடு நிற்பதில்லை; வண்டியையும் காவலின்றி விட்டுவிடுகிறது. இப்பழுதை வீட்டிலிருந்தபடியே ஆராய்ந்து காணும் முறையைப் பற்றி இன்று பேச எண்ணியுள்ளோம்.

நாங்கள் குடியிருப்பது அல்வாலில். சிக்கந்தராபாத்துக்கு வடக்கே, லோத்துக்குண்டாவையும் பொல்லாரத்தையும் அடுத்து, தனி நகராட்சியாக இருந்து 2007ஆம் ஆண்டில் ஐதராபாத் பெருநகர மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட ஊர் இது. சென்னை மாகாணப் படைப்பிரிவுகள் சிக்கந்தராபாத்துப் பாளையத்தில் தங்கிய பழங்காலந்தொட்டே இப்பகுதிக்குத் தமிழர் வந்து குடியேறியிருக்கின்றனர். இன்று அல்வாலின் தெருக்களில் ஒரே சுவரின் இருபுறமும் இரு மொழிகள் ஒலிக்கின்றன. புதிய அடுக்கு வீடுகள் தூண்களின்மேல் எழுந்திருக்கின்றன; அத்தூண்களுக்கிடையே கார்கள் நெருங்கி நிற்கின்றன. அங்கே ஒரு சங்கு ஊதினால், அவ்வொலி தளத்திலும் தூணிலும் மோதித் திரும்பி, மாடிப்படி வழியே மேலேறி, எல்லாக் கதவுகளையும் தட்டுகிறது.

கணக்குப் பார்ப்போம். இச்சங்குகள் பெரும்பாலும் ஒரு மீட்டர் தொலைவில் 110 டெசிபல் அளவோ அதற்கு மேலோ ஒலி எழுப்புபவை. திறந்த வெளியில் தொலைவு பத்து மடங்கானால் ஒலி 20 டெசிபல் குறையும். அவ்வாறாயின், பத்து மீட்டரில் 90. நூறு மீட்டருக்கு அப்பாலுள்ள வீட்டிலும் 70. குடியிருப்புப் பகுதிகளில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரையில் ஒலி 45 டெசிபலைத் தாண்டலாகாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்துள்ள வரம்பு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மும்பையிலோ தில்லியிலோ பெங்களூருவிலோ ஐதராபாத்திலோ பிழைக்க வந்த நமக்கு முதற் சொத்து அண்டை வீட்டாரின் நல்லெண்ணம். அதனை மூன்று இரவுகளில் அழித்துவிடும் ஆற்றல் உள்ளங்கையளவே உள்ள இக்கருவிக்கு உண்டு.

இக்கருவியின் இயல்பைச் சிறிது அறிந்துகொண்டால் ஆராய்ச்சி எளிதாகும். 1819ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் காஞார் த லா தூர் என்பவர், துளைகள் இட்ட வட்டத்தகடு ஒன்றைச் சுழலச்செய்து, அத்துளைகளின் வழியே காற்றை விட்டுவிட்டுப் பாயவிட்டு ஒலி எழுப்பினார். நீருக்குள்ளும் அது பாடியமையால், கடலோடிகளை மயக்கிப் பாடியதாகக் கிரேக்கப் பழங்கதைகள் கூறும் கடற்கன்னியரின் பெயரை, அதாவது சைரன் என்ற பெயரை, அதற்கு இட்டார். ஆலைச் சங்கின் முன்னோர் அதுவே. கார்ச் சங்கில் சுழலும் தகடு இல்லை. ஒரு சிறு மின்சுற்று மின்னழுத்தத்தை நொடிக்கு இரண்டாயிரம் மூவாயிரம் முறை ஏற்றி இறக்க, ஒரு தகடு அதற்கேற்ப அதிர்ந்து ஒலிக்கிறது. மனிதச் செவி மிகக் கூர்மையாக உணரும் ஒலியளவும் ஏறத்தாழ அதுவே. ஒலியை ஓரளவிலேயே நிறுத்தாமல் ஏற்றியும் இறக்கியும் ஊதச்செய்வது, செவி அதற்குப் பழகிப்போகாமல் இருப்பதற்காக.

இங்கே ஒரு வியப்பைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. 1880ஆம் ஆண்டில் பியர் கியூரியும் அவர் தமையனார் ஜாக் கியூரியும் சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றுவதைக் கண்டனர். அடுத்த ஆண்டில் அதன் மறுதலையும் மெய்யென நிலைநாட்டப்பட்டது. மின்சாரத்தை ஊட்டினால் படிகம் நெளிகிறது. பல கார்களின் காவல் அமைப்பில் இவ்விரண்டும் ஒருங்கே பணிபுரிகின்றன. வண்டியை ஒருவன் தட்டினால், அதிர்வுணர்வியில் உள்ள துண்டு அதனை மின்சாரமாக்குகிறது. அச்செய்தி கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செல்கிறது. பெட்டி ஆணையிட, சங்கினுள் இருக்கும் பீங்கான் தகடு மின்சாரத்தை ஒலியாக்குகிறது. தட்டுவதும் கத்துவதும் ஒரே இயற்கை விதியின் இரு முகங்கள்!

இவ்வமைப்பை ஒரு சிற்றரசாகக் கருதலாம். ஒற்றர்கள் பலர்: கதவு ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்விட்சு, பானெட்டின் அடியில் ஒன்று, பின்புறப் பெட்டியின் மூடியில் ஒன்று, அதிர்வுணர்வி ஒன்று, சில வண்டிகளில் உள்ளே நிகழும் அசைவை அறியும் கருவியும் உண்டு. அவர்கள் கொணரும் செய்தியைக் கேட்டு முடிவுசெய்வது கட்டுப்பாட்டுப் பெட்டி. முடிவை ஊருக்கு அறிவிப்பது சங்கு. ஆகவே, சங்கு பொய்யாக ஊதினால் சங்கின்மேல் பழிபோடுவதற்கு முன்பு, அதற்கு ஆணையிட்டவர் யார், அவரிடம் பொய் சொன்னவர் யார் என்று கேட்க வேண்டும். பெரும்பாலோர் இதனைக் கேட்பதில்லை. சிலர் சங்கின் ஒயரை வெட்டிவிடுகின்றனர். வேறு சிலர் பணிமனைக்குச் சென்று முழு அமைப்பையும் மாற்றி, ஆயிரக்கணக்கில் செலவிட்ட பின்னரும் அதே பொய்க்குரலை வீட்டுக்குக் கொண்டுவருகின்றனர். ஏனெனில் பழைய ஸ்விட்சு பழைய இடத்திலேயே இருக்கிறது.

நோயைச் சுமந்து வருபவன் வேறு, நோயால் அலறுபவன் வேறு என்பதற்குச் சிக்கந்தராபாத்தே சான்று கூறும். மலேரியா என்ற பெயருக்கே கெட்ட காற்று என்பது பொருள். காய்ச்சலுக்குக் காற்றின்மேல் பழிபோட்ட காலத்தில் இட்ட பெயர் அது. இங்கே பேகம்பேட்டையில் 1897 ஆகஸ்டு 20ஆம் நாள், ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர் கொசு ஒன்றின் இரைப்பையில் மலேரியாக் கிருமியைக் கண்டார். கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்து நோக்கிய பொறுமையே அவருக்கு விடை அளித்தது. நம் வேலை அத்துணை அரியதன்று. ஆயினும், ஒவ்வொன்றாக நோக்குதல் என்ற முறை இதற்கும் உரியதே.

எங்கள் தெருவில் நிகழ்ந்ததைச் சொல்கிறோம். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு வாரத்தில், திருநெல்வேலிப் பக்கத்து அன்பர் ஒருவரின் வண்டி இரவு இரண்டு மணிக்கு மேல் அலறத் தொடங்கிற்று. ரிமோட்டை அழுத்தினால் அடங்கும். அரைமணி கழித்து மீண்டும் அலறும். எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தெலுங்கர், அவர் துணைவியார் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருந்தார். முதல்நாள் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாடத்தில் வந்து நின்றுவிட்டுப் போனார். மூன்றாம் நாள் மாலையில் தெருமுனையில் அன்பரை நிறுத்தி, "ஏமண்டி, ஈ ராத்ரி கூடானா?" என்றார். இன்றிரவுமா என்று அவர் கேட்டதில் சினமே இல்லை, களைப்புத்தான் இருந்தது. அன்பர் அன்றே ஒயரை வெட்டிவிட இடுக்கியோடு கிளம்பினார். நாங்கள் அவரைத் தடுத்து, ஒரு மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உடன் சென்றோம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த மின்னளவுமானி ஒன்றிருந்தால், இவ்வாராய்ச்சியில் பாதி முடிந்தாற்போலத்தான்.

கருவியைத் தொடும் முன்பு செய்யவேண்டியது ஒன்று உண்டு, அது குறித்துவைத்தல். எந்த மணிக்கு அலறிற்று, மழையா வெயிலா, காற்று அடித்ததா, பக்கத்தில் கனவண்டி சென்றதா? அல்வாலில் இக்கேள்விக்குப் பொருள் மிகுதி. கரீம்நகர் செல்லும் நெடுஞ்சாலை ஊரின் ஊடே போகிறது. லாரிகள் இரவெல்லாம் ஓடுகின்றன. வடக்கே ஹக்கீம்பேட்டை விமானப்படைத் தளம் இருக்கிறது. ஆஷாட மாதத்துப் போனாலு விழாவில் பறைகள் முழங்குகின்றன. பிள்ளையார் ஊர்வலத்தில் ஒலிபெருக்கிகள் நெஞ்சை அதிரச் செய்கின்றன. இவற்றோடு ஒட்டி அலறல் நிகழுமாயின் அதிர்வுணர்வியை ஐயுறலாம். எவ்வித அரவமும் இல்லாத, பனியும் ஈரமும் மிகுந்த பின்னிரவில் அலறுமாயின் ஐயம் ஸ்விட்சுகளின்மேல் திரும்ப வேண்டும். நண்பகல் வெயிலில் மட்டும் அலறினால், வெப்பத்தில் விரியும் உறுப்புகளையும், உள்ளே சூடேறி அசையும் காற்றை மனித அசைவென மயங்கும் உணர்வியையும் நோக்க வேண்டும். சில அமைப்புகள் கடைசியாகப் பொய் சொன்ன ஒற்றன் யாரென்பதை முகப்பிலுள்ள சிறு செவ்விளக்கை இத்தனை முறை சிமிட்டிக் காட்டும். அக்குறிப்பு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். நாம்தாம் கையேட்டைத் திறப்பதில்லை!

அடுத்தது பாட்டரி. எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் சென்றபின், பாட்டரியின் இரு முனைகளிலும் மானியை வைத்தால் 12.6 வோல்ட்டுக்கு அண்மையில் காட்ட வேண்டும். 12.2க்குக் கீழே இறங்கினால் அதன் வலிமை பாதிக்கு வந்துவிட்டதென்று கொள்ளலாம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரையில் நிற்பது வழக்கம். தெலுங்கானத்துக் கோடையின் வெப்பம் பாட்டரியின் ஆயுளைக் குறைக்கும் தன்மையது. நலிந்த பாட்டரியின் மின்னழுத்தம் இரவில் தாழும்போது, எவரோ ஒயரை அறுக்கிறார் என்று மயங்கும் சங்குகள் உண்டு. இவ்வன்பரின் பாட்டரி 12.5 காட்டிற்று. ஆகவே அதன்மேல் குற்றமில்லை என்று அடுத்ததற்குச் சென்றோம்.

பானெட்டின் ஸ்விட்சு எளிய பொருள். சுருள்வில்லின்மேல் நிற்கும் சிறு ஊசி. பானெட்டை மூடினால் அது அழுந்துகிறது, திறந்தால் எழுகிறது. பல வண்டிகளில், எழும்போது ஒயரை வண்டியின் உடலோடு சேர்த்துவிடுகிறது. அதுவே திறந்துவிட்டார்கள் என்ற செய்தி. மழைநீரும் புழுதியும் நேரே விழும் இடத்தில் இருப்பதால், முதலில் துருப்பிடிப்பதும் இதுவே. பொய்யலறலுக்குக் காரணமானவற்றுள் இதற்கு முதலிடம் தரலாம் என்பது எங்கள் எண்ணம். இதனைச் சோதிக்க, ஸ்விட்சின் ஒயரைக் கழற்றி, மானியை மின்தடை அளக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை ஸ்விட்சிலும் மற்றொன்றை வண்டியின் பெயிண்டு இல்லாத இரும்பிலும் வைக்க வேண்டும். ஊசி எழுந்து நிற்கையில் தடை ஏறக்குறைய சுழியம். அழுத்தினால் தடை எல்லையற்றது, அதாவது வழியே இல்லை. இடைநிலை என்று ஒன்று இருக்கலாகாது. அன்பரின் வண்டியில், ஊசியை முழுதும் அழுத்திய பின்னரும் எண்கள் நிலைகொள்ளாமல் ஆடின. துருவும் ஈரமும் சேர்ந்து, மூடிய கதவில் ஒரு கீற்று வழியைத் திறந்துவைத்திருந்தன.

இதுவே குற்றவாளி என்று அவ்விடத்திலேயே தீர்ப்புக் கூறிவிடலாகாது. ஐயத்துக்குரியதை விலக்கினால் நோய் நீங்க வேண்டும். மீண்டும் சேர்த்தால் நோய் திரும்ப வேண்டும். இரண்டும் கூடினால்தான் காரணம் உறுதியாகும். அன்றிரவு ஸ்விட்சின் ஒயரைக் கழற்றி, முனையில் நாடா சுற்றி விட்டோம். இரு இரவுகள் வண்டி வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் முற்பகல் பதினொரு மணிக்கு, எதிர்வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒயரை மீண்டும் இணைத்து, பானெட்டைச் சாத்திக் காவலை இயக்கிவிட்டு, ஈரத்துணியைப் பானெட்டின் விளிம்பில் ஸ்விட்சுக்கு நேரே பிழிந்தோம். ஐந்து நிமிடம் செல்வதற்குள் சங்கு அலறிற்று. ஆசிரியர் மாடத்திலிருந்து கையசைத்துச் சிரித்தார். புதிய ஸ்விட்சைப் பொருத்தி, அதன்மேல் சிறிது வாசலின் பூசி, பானெட்டைத் தாங்கும் தேய்ந்த ரப்பர்க் கட்டையையும் மாற்றினோம். ரப்பர் தேய்ந்தால் பானெட்டு ஆட்டம் காண்கிறது. ஊசி சரியாக அழுந்துவதில்லை. செலவு ஒரு குடும்பம் ஓட்டலில் சிற்றுண்டி அருந்தும் தொகைக்கும் குறைவு.

ஸ்விட்சுகள் யாவும் நன்றாக இருந்தால் அதிர்வுணர்விக்குச் செல்லலாம். அதன் பெட்டியில் உணர்வைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகு ஒன்று பெரும்பாலும் இருக்கும். கால் சுற்றுக் குறைத்து, கதவுத்தூணை உள்ளங்கையால் தட்டிப் பார்க்க வேண்டும். மென்மையாகத் தட்டினால் பேசாமலும், வன்மையாகத் தட்டினால் கத்தியும் நின்றால் அளவு சரி. பூனை பானெட்டின்மேல் குதித்தாலும் ஊரைக் கூட்டும் உணர்வி காவலுக்கு உதவாது. அதன் பிடிப்புத் திருகு தளர்ந்திருந்தாலும் இதே தொல்லைதான்; முதலில் அதை இறுக்கிப் பார்ப்பது நன்று.

எலியை மறந்துவிடலாகாது. காலி மனைகள் நிறைந்த புறநகர்களில், எஞ்சினின் வெதுவெதுப்பைத் தேடி எலிகள் ஏறி, ஒயரின் மேலுறையைக் கடித்துவிடுகின்றன. நாம் எலி என்பதைத் தெலுங்கர் எலுக என்பர். சொல் ஏறத்தாழ ஒன்று, சேட்டை முற்றிலும் ஒன்று. செம்பு வெளியே தெரியும் ஒயர் வண்டியின் உடலில் உரசும்போதெல்லாம், கதவு திறந்ததாகக் கட்டுப்பாட்டுப் பெட்டி எண்ணும்.

இனி, ஒற்றர்கள் யாவரும் உண்மையே பேசியும் சங்கு தானே கத்துவதும் உண்டு. சில சங்குகளின் வயிற்றுக்குள் தனியே ஒரு சிறு மின்கலம் இருக்கிறது. கள்வன் கார் பாட்டரியைக் கழற்றினாலும் ஊதுவதற்காக வைத்த ஏற்பாடு. ஆண்டுகள் செல்ல அக்கலம் கசிந்து, அருகிலுள்ள மின்சுற்றுப் பலகையை அரித்துவிடுகிறது. பின்னர் அச்சங்கு எவரும் ஆணையிடாமலே அலறும், ரிமோட்டுக்கும் அடங்காது. காவலை இயக்காமல் விட்ட இரவிலும் அலறுமாயின் இதனை ஐயுறலாம். இத்தகைய சங்குகள் பலவற்றின் பக்கவாட்டில் சிறு சாவித்துளை இருக்கும். சாவியைத் திருப்பினால் அடங்கும். அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடி வைத்துக்கொள்வது நல்லது. அறியாமல் பாட்டரியைக் கழற்றினால், பழுதற்ற சங்கும் முகத்துக்கு நேரே முழுக்குரலில் ஊதும். காதுக்கு அது தீங்கு.

ஊதவேண்டிய வேளையில் ஊதாத சங்கு மற்றொரு வகை நோயாளி. இது யாருடைய உறக்கத்தையும் கெடுக்காததால் பலநாள் கவனிப்பாரின்றிக் கிடக்கும். முதலில் பியூசைப் பார்க்க வேண்டும். பின்னர்ச் சங்கின் இணைப்பைக் கழற்றி, மானியின் கறுப்பு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும், சிவப்பு முனையைச் சங்குக்கு வரும் நேர்மின் ஒயரிலும் வைத்து, காவலை வேண்டுமென்றே கிளப்பிவிட வேண்டும். பன்னிரண்டு வோல்ட்டு வந்து சேருகிறதாயின் ஆணை வருகிறது; அடுத்ததாகச் சங்கின் மற்றோர் ஒயர் வண்டியின் உடலோடு சேரும் எர்த் திருகைப் பார்க்க வேண்டும். அங்கே துரு ஏறினால் மின்சாரம் திரும்பும் வழி அடைபடும். திருகைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் பல ஊமைச் சங்குகள் பேசிவிடும். எர்த்தும் நன்றாயிருந்து, ஆணையும் வந்து, வாய் திறக்கவில்லையெனில் சங்கு மாண்டது என்று கொள்க. வோல்ட்டே வரவில்லையெனில் சங்கை மாற்றிப் பயனில்லை. ஒயரையும் பெட்டியையும் நோக்க வேண்டும்.

குரல் கம்மிய சங்கில் பெரும்பாலும் நீர் புகுந்திருக்கும். அதன் வாய் மேல்நோக்கி இருக்குமாறு பொருத்திவிடுவோர் இருக்கின்றனர். மழைநீரைச் சேர்க்க வைத்த கிண்ணம் போல அது நிற்கும். வாய் கீழ்நோக்கியும், எஞ்சினின் புகைக்குழாய் வெப்பத்துக்கு விலகியும் இருக்கவேண்டும்.

எச்சரிக்கைகள் சில. சோதனையின்போது சங்கின் வாயில் தடித்த துணியை அடைத்துக்கொள்க. காதுக்கும் அடைப்பு வேண்டும். விரலில் மோதிரம் இருந்தால் கழற்றிவிடுக. பாட்டரியின் முனைகளுக்கிடையே அது சிக்கினால் நொடியில் பழுக்கக் காயும். பாட்டரியைக் கழற்ற நேர்ந்தால் எதிர்முனையை முதலிலும், இணைக்கையில் அதனைக் கடைசியிலும் தொடுக. மஞ்சள் உறையிட்ட இணைப்புகள் காற்றுப்பையைச் சேர்ந்தவை. மின்சாரக் கார்களில் செம்மஞ்சள் நிற ஒயர்கள் உயிர்கொல்லும் அழுத்தம் உடையவை. இவற்றின் பக்கமே போகலாகாது. மேலும், அண்மைக் காலத்து வண்டிகள் சிலவற்றில், தொழிற்சாலையிலேயே பொருத்திய சங்குக்கு ஆணை வெறும் பன்னிரண்டு வோல்ட்டாக வருவதில்லை. கணிப்பொறிக் குறிமொழியாக ஒரே ஒயரில் வருகிறது. அத்தகைய சங்கின்மேல் மேற்சொன்ன வோல்ட்டுச் சோதனை செல்லாது. பணிமனையில் உள்ள குறிவாசிக்கும் கருவியே அதற்கு உரியது. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியையும் நாமாகப் பிரிப்பது கூடாது.

அவ்வாறு பணிமனைக்கே செல்ல நேர்ந்தாலும், வீட்டில் குறித்துவைத்த தாள் வீணாகாது. மொழி தெரியாத ஊரில் மெக்கானிக்கிடம் 'சும்மாவே கத்துகிறது' என்று கைகாட்டி விளக்கும்போது, அவர் தலையசைத்துவிட்டுப் புதிய சங்கின் விலையைச் சொல்வதே வழக்கம். இரவு 2 மணி, மழைக்குப் பின்; பாட்டரி 12.5, செவ்விளக்கு இத்தனை சிமிட்டல், பானெட்டு ஸ்விட்சைக் கழற்றியபோது இரண்டு இரவு அமைதி. இவ்வளவும் எழுதிய தாளை வண்டிச் சாவியோடு அவர் கையில் கொடுங்கள். வேலை முடிந்தபின், மாற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பகலிலேயே ஒருமுறை ஈரத்துணியைப் பிழிந்து பார்த்துவிடுங்கள்.